ஓக்டெல் அதுவா, அவரா?

இரவில் மகளுக்குக் கதை சொல்லும்போது என் கையில் பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகம் இருக்கும். வாயில் வருவது தமிழ். கண் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் நாக்கு அதைத் தமிழாக்கிவிட வேண்டும். பழகிவிட்டால் சிரமமில்லை. தெரியாத மரத்தின் பெயர் வந்தால் "பெரிய மரம்" என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுவேன். அப்படி ஓடிக்கொண்டிருந்த நாக்கு, போன மாதம் ஒரு நாவலின் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டது.

"ஓக்டெல் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், சூரியன் மறையறதைப் பார்த்த..."

வினைமுற்று வரவில்லை. அவள் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"பார்த்த...? பார்த்துச்சா, பார்த்தாராப்பா?"

"நீயே சொல்லேன்."

"ஓக்டெல் யாருன்னே தெரியாம நான் எப்படிச் சொல்றது?"

நியாயமான கேள்வி. ஓக்டெல் ஒரு ஊர்வன. பச்சைத் தோல், செதில், நெற்றியில் மூன்றாவதாக ஒரு கண். அந்தச் சூரியாஸ்தமனத்தைப் பார்த்துவிட்டு நிலத்தடிக்குப் போய்த் தூங்கப்போகும் ஓக்டெல், அடுத்த அஸ்தமனத்தைப் பார்ப்பதற்கு 10 கோடி ஆண்டுகள் ஆகும் என்று இரண்டாவது வாக்கியத்திலேயே ஆசிரியர் சொல்லிவிடுகிறார். ஆங்கிலத்தில் ஒரு 'ஹி' போட்டுவிட்டு அவர் போய்விட்டார். வினைச்சொல் அங்கே யாருக்காகவும் வால் மாற்றிக்கொள்வதில்லை. தமிழில் பெயரை மறைத்தாலும், எழுவாயையே விட்டுவிட்டாலும், வினையின் கடைசியில் ஒரு 'து' அல்லது ஒரு 'ஆர்' வந்து நின்று, பேசப்படுவது யார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். தப்பிக்க வழியே கிடையாது.

அன்று இரவு நான் "பார்த்தது" என்று சொல்லிவிட்டு மேலே போனேன். அதை நினைத்து இன்றுவரை மனசு உறுத்துகிறது. இந்தப் பதிவே அந்த உறுத்தலிலிருந்து வந்ததுதான்.

புத்தகத்தின் பெயர் 'டாக்டர் ஹூ அண்ட் தி கேவ் மான்ஸ்டர்ஸ்'. எழுதியவர் மால்கம் ஹல்க். 1974 ஜனவரியில் லண்டனிலிருந்து டார்கெட் என்ற மலிவுப் பதிப்பாக வந்தது. பி.பி.சி.யில் 1970 ஜனவரி 31 முதல் மார்ச் 14 வரை, வாரம் ஒன்றாக ஏழு சனிக்கிழமைகள் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சிக் கதையின் நாவல் வடிவம். தொலைக்காட்சிக் கதையை எழுதியவரும் அதே ஹல்க்தான். அங்கே அதற்கு 'டாக்டர் ஹூ அண்ட் தி சைலூரியன்ஸ்' என்று பெயர்.

'டாக்டர் ஹூ' தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1963-இல் தொடங்கிய பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடர் அது. அதில் வரும் டாக்டர் மருத்துவர் அல்லர். பெயரைச் சொல்லாத ஒரு வேற்றுலகவாசி. காலத்திலும் வெளியிலும் பயணம் செய்பவர். 1969-இல் அவருடைய சொந்த இனத்தார் அவர்மீது வழக்கு நடத்தி, தண்டனையாகப் பூமிக்கு நாடு கடத்திவிடுகிறார்கள். பூமியில் அவர் யூனிட் என்ற ராணுவப் பிரிவோடு சேர்ந்து வேலை பார்க்கிறார். ஜான் பெர்ட்வீ டாக்டராக நடித்த அந்த முதல் பருவத்தின் இரண்டாவது கதைதான் நாம் பேசுவது.

அந்த நாடு கடத்தல் ஹல்குக்குப் பிடிக்கவில்லை. டாக்டரைப் பூமியிலேயே கட்டிப்போட்டால் இரண்டே கதைதான் மிச்சம்: வெளிக்கிரகத்திலிருந்து படையெடுப்பு, அல்லது பைத்தியக்கார விஞ்ஞானி. இப்படி அவர் சொன்னதாக, தொடரின் கதைப் பொறுப்பாளராக இருந்த டெரன்ஸ் டிக்ஸ் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த முட்டுச்சந்திலிருந்து பிறந்த யோசனைதான் சைலூரியன்கள். வெளியிலிருந்து யாரும் வரவில்லை, இங்கேயே இருந்தவர்கள்தான் எழுந்துவருகிறார்கள். நமக்கு முன்னால் இந்த மண்ணில் வாழ்ந்து, நகரம் கட்டி, ஆராய்ச்சி செய்த ஓர் இனம். வானத்தில் ஒரு சிறு கிரகம் பூமியை நோக்கி வருவதைப் பார்த்து, அது காற்றுமண்டலத்தையே உரித்துக்கொண்டு போய்விடும் என்று பயந்து, நிலத்தடியில் இறங்கி உறைநிலைத் தூக்கத்தில் ஆழ்ந்துவிட்டது. ஆபத்து நீங்கியதும் எழுப்ப வேண்டிய கருவி எழுப்பவில்லை. ஏனென்றால் பயந்த ஆபத்து வரவே இல்லை. வந்த கிரகம் மோதாமல் பூமியைச் சுற்றத் தொடங்கிவிட்டது. அதைத்தான் நாம் நிலா என்கிறோம்.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நிலாவைக் கிட்ட வரச்சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோறூட்டும் வழக்கம் நம்முடையது. அந்த நிலா கிட்ட வந்துவிடுமோ என்று அஞ்சி ஓர் இனமே மண்ணுக்குள் போனது என்கிறார் ஹல்க்.

இனி தொலைக்காட்சிக்கும் நாவலுக்கும் உள்ள வித்தியாசம். எனக்கு இதுதான் முக்கியம்.

தொலைக்காட்சியில் கதை மனிதர்களிடமிருந்து தொடங்குகிறது. டார்பிஷரில் வென்லி மூர் என்ற இடத்தில், குகைகளுக்குப் பக்கத்தில் நிலத்தடி அணு ஆராய்ச்சி மையம். காரணம் தெரியாமல் மின்சாரம் குறைகிறது, ஊழியர்கள் ஒவ்வொருவராக மனம் கலங்கிப் போகிறார்கள். குகைக்குள் போன இருவரில் ஒருவர் பிணமாகக் கிடைக்கிறார். மற்றவர் பேச்சிழந்து, மருத்துவ அறையின் சுவரில் ஆதிமனிதன் குகையில் வரைந்ததுபோல விலங்குகளை வரைந்துகொண்டிருக்கிறார். பார்ப்பவருக்கு முதலில் வருவது அச்சம். 'அது' என்ன என்று தெரியாத அச்சம். முழு உருவம் திரையில் வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்த பிறகும், ரப்பர் உடைக்குள் ஒரு நடிகர், வெளியிலிருந்து பீட்டர் ஹாலிடேயின் குரல். அந்த முகத்தால் புருவத்தை உயர்த்த முடியாது, உதட்டைக் கடிக்க முடியாது. பேசும்போது தலை ஆடுகிறது, அவ்வளவுதான். பின்னணியில் கேரி பிளைட்டன் இசையமைத்த குரும்ஹார்ன் என்ற பழைய ஐரோப்பிய ஊதுகருவி மூக்கடைத்ததுபோல் ஒலிக்கிறது. எனக்கு அந்த இசை பிடிக்கும், பிடிக்காதவர்கள் ஏராளம்.

கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலைக் கவனித்துப் பாருங்கள். 'முதிய சைலூரியன்', 'இளைய சைலூரியன்', 'விஞ்ஞானி சைலூரியன்'. ஏழு வாரம் கதையைச் சுமந்தவர்களுக்குப் பெயர் இல்லை.

நாவலில் முதியவர் ஓக்டெல். இளையவன் மோர்கா. விஞ்ஞானி க்டோ. ஹல்க் நாவலை மனிதர்களிடமிருந்து தொடங்கவே இல்லை. 'சிறிய கிரகம்' என்ற முன்னுரை அத்தியாயத்தில், நாம் ஓக்டெலின் தலைக்குள் உட்கார்ந்து அந்த மாலையைப் பார்க்கிறோம். எல்லோரும் கீழே போய்க்கொண்டிருக்கிறார்கள். பள்ளத்தாக்குக்கு அப்பால் வெயில் வடிகிறது. ஊரைக் காலி செய்துவிட்டுக் கிளம்பும் நாளில் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்பவரைப் போல, இந்த முதியவர் நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார். அதன்பிறகே அணு ஆராய்ச்சி மையம், டாக்டர், ராணுவம் எல்லாம்.

கேமரா நினைத்தாலும் செய்ய முடியாத வேலை இது. செலவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ரப்பர் முகத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து வெளியே பார்க்க 1970-இன் தொலைக்காட்சியிடம் வழி இல்லை. காகிதத்துக்கு அது ஒரு வாக்கியத்தில் முடிகிற காரியம். பல நாவலாக்கங்கள் வசனத்தை எடுத்து நடுநடுவே 'என்றான்', 'என்றாள்' சேர்த்து முடிந்துவிடுகின்றன. ஹல்க் தன் கதையையே எதிர்ப்பக்கம் போய் நின்று இன்னொரு முறை பார்த்தார். அதனால்தான் இந்த மெலிந்த புத்தகத்தை அதன் தொலைக்காட்சி மூலத்தைவிட ஒரு படி மேலே வைக்கிறேன். மூலம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த 'பார்த்தது'க்குத் திரும்புகிறேன்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் நூற்பா, "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே" என்கிறது. மக்கள் என்று சுட்டப்படுவோர் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த வரி. இதை வைத்துக்கொண்டு ஓக்டெலை எங்கே உட்காரவைப்பது? பேசுகிறார், சிந்திக்கிறார், தன் மக்களுக்காகக் கவலைப்படுகிறார். ஆனால் மக்கள் இல்லை. என் தயக்கத்துக்கு அந்த வரி விடை தரவில்லை. நூற்பாவில் 'சுட்டு' என்ற சொல் இருப்பதை மட்டும் இத்தனை வருடம் கழித்துக் கவனித்தேன். மக்கள் என்று யாரைச் சுட்டுகிறோம் என்பது சுட்டுபவரின் கையிலும் கொஞ்சம் இருக்கிறது.

விடை நன்னூலில் கிடைத்தது. "மக்கள் தேவர் நரகர் உயர்திணை" என்கிறார் பவணந்தி. தேவர் சரி. நரகர்? நரகத்தில் உழல்பவர்கள். மண்ணுக்குக் கீழே, வெளிச்சம் படாத உலகத்தில் இருப்பவர்கள். அவர்களையும் உயர்திணை என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். எத்தனையோ தடவை ஒப்பித்த நூற்பா. நரகரைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. கீழே இருப்பவரையும் 'அவர்' என்று சொல்ல என் மொழிக்கு இலக்கணம் அனுமதி கொடுத்திருக்கும்போது, நான் ஏன் 'அது' என்றேன்?

வழக்கில் இன்னும் சுலபம். வீட்டுக்குள் வந்தால் பாம்பு 'அது'. புற்றுக்குப் பால் ஊற்றும்போது நாகாத்தம்மா, "அவ பாத்துக்குவா". உடம்பு மாறவில்லை, செதில் மாறவில்லை. நாம் நிற்கும் இடம் மாறியதும் திணை மாறிவிடுகிறது. நாவலில் ஹல்க் செய்தது ஏறக்குறைய இதுதான் என்று எனக்குப் படுகிறது. அவர் கையில் திணை என்ற கருவி இல்லை. அதனால் பெயரையும் முன்னுரையையும் வைத்து அதைச் செய்தார்.

இத்தனையும் செய்த புத்தகத்தின் அட்டையில் 'குகை அரக்கர்கள்' என்று போட்டிருக்கிறது! பத்து வயதுப் பையன் கடையில் கையிலெடுக்க வேண்டுமே, டைனோசர் வேறு அட்டையில் கர்ஜிக்கிறது. ஓவியர் கிறிஸ் அகிலியோஸ். அருமையான அட்டைதான், அதில் குறையொன்றும் இல்லை. அரக்கர் கதை என்று நம்பி அந்த அட்டையைத் திறந்த பிள்ளைகள் முதல் பக்கத்திலேயே ஓக்டெலின் பக்கத்தில் போய் நின்றிருப்பார்களே என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அந்தப் பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகங்கள் என்னவாக இருந்தன என்பது இன்று சட்டென்று பிடிபடாது. 1974-இல் பெரும்பாலான பிரிட்டிஷ் வீடுகளில் வீடியோ கருவி கிடையாது. ஒரு கதை சனிக்கிழமை மாலை ஓடி முடிந்தால் முடிந்தது. மறு ஒளிபரப்பு அபூர்வம். பி.பி.சி.யே பழைய ஒளிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்திக்கொண்டிருந்த காலம். சைலூரியன் கதையின் வண்ண ஒளிநாடாக்களும் அப்படித்தான் போயின. வெளிநாட்டு விற்பனைக்காக எடுத்துவைத்த கறுப்புவெள்ளைப் படச்சுருள் மட்டும் தங்கியது. பின்னாளில், அமெரிக்காவில் ஒளிபரப்பானபோது வீட்டுக் கருவியில் பதிவு செய்யப்பட்டிருந்த வண்ண நாடாவிலிருந்து நிறத்தை மட்டும் பிரித்தெடுத்து, கறுப்புவெள்ளைப் படச்சுருளின் தெளிவான உருவத்தோடு சேர்த்தார்கள். 1990-களில் அப்படி உருவான வண்ணப் பிரதி வெளிவந்தது. உருவம் ஓரிடத்திலிருந்து, நிறம் வேறிடத்திலிருந்து. இன்று நாம் பார்க்கும் பச்சைச் செதில்கள் அப்படி ஒட்டவைத்த பச்சை.

ஆக, இடைப்பட்ட இருபது ஆண்டு இந்தக் கதை உயிரோடு இருந்தது காகிதத்தில்தான். பார்க்காதவர்கள் பார்த்ததும், பார்த்தவர்கள் மீண்டும் பார்த்ததும் டார்கெட் புத்தகத்தில். டெரன்ஸ் டிக்ஸ் மட்டுமே இப்படி 60-க்கும் மேற்பட்ட நாவலாக்கங்களை எழுதினார். ஹல்க் எழுதியவை ஏழு. முதலாவது இது. கடைசி, டாக்டரைப் பூமிக்கு நாடு கடத்திய அந்த 1969-ஆம் ஆண்டுக் கதை. அதை டிக்ஸோடு சேர்ந்து தொலைக்காட்சிக்கு எழுதியவரும் ஹல்க்தான். நாவல் 1979-இல் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஹல்க் இறந்துவிட்டார்.

என் பிரதி பழைய புத்தகக் கடையில் வாங்கியது. ஓரமெல்லாம் பழுப்பேறி, முதுகில் பசை விட்டுப்போய், முன்னுரை அத்தியாயம் மட்டும் தனியாகக் கையோடு வந்துவிடுகிறது. யாரோ அதை அடிக்கடி திறந்திருக்கிறார்கள். 2011-இல் டிக்ஸின் அறிமுகத்தோடு மறுபதிப்பு வந்திருக்கிறது. கேட்க விரும்புபவர்களுக்கு, தொலைக்காட்சியில் டாக்டருக்குத் துணையாக விஞ்ஞானி லிஸ் ஷாவாக நடித்த கரோலின் ஜான் வாசித்த ஒலிநூல் உண்டு. முன்னுரையை அவர் அவசரமே இல்லாமல் படிப்பார். ரயிலில் கேட்டு இரண்டு ஸ்டேஷன் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஹல்க் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தவர். அவர் கதைகளில் யாரிடம் அதிகாரம் இருக்கிறது, அதை வைத்து யாரை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் கண் இருக்கும். வென்லி மூரில் நல்லவன் கெட்டவன் என்று கோடு கிழிக்கவே முடியாது. மையத்தின் இயக்குநர் லாரன்ஸ் தன் பதவிக்குக் களங்கம் வராமல் இருந்தால் போதும் என்று நினைப்பவர். பாதுகாப்பு அதிகாரி, தொலைக்காட்சியில் பேக்கர், நாவலில் பார்க்கர். ராணுவத்தில் இருந்தவர். எதைப் பார்த்தாலும் எதிரியின் சதி என்று நம்புகிறவர். நாவல் அவருடைய பழைய வாழ்க்கைக்குள்ளும் போய், அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று காட்டுகிறது. இப்படி ஓரத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் ஹல்க் ஒரு முன்கதை கொடுக்கிறார்.

எனக்கு மறக்க முடியாத ஆள் டாக்டர் குவின். திரையில் ஃபுல்டன் மக்கை. இவர் ரகசியமாகக் குகைக்குப் போய்வருகிறார், அவர்களுக்கு மின்சாரம் கிடைக்க உதவுகிறார், பதிலுக்கு அவர்களுடைய அறிவை எதிர்பார்க்கிறார். காயம்பட்டு வெளியே அலையும் ஒருவரைக் கண்டுபிடித்துத் தன் வீட்டிலேயே ஒளித்துவைக்கிறார். தேடிக்கொண்டு டாக்டர் அந்த வீட்டுக்கு வருகிறார். உள்ளே தாங்க முடியாத வெக்கை. குளிர் நாட்டில், ஹீட்டரை உச்சத்தில் வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டே ஒன்றுமில்லாததுபோல் பேசுகிறார் குவின். மிருகக்காட்சிசாலையில் ஊர்வன இருக்கும் கூடம் மாதிரி இருக்கிறதே என்கிறார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்தில் இருவருக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. டாக்டர் தேடுவது சமாதானத்துக்கு ஒரு வழி. குவின் தேடுவது தன் பெயரில் ஒரு மகத்தான கண்டுபிடிப்பு. வீட்டுக்குள் பிடித்துவைத்தவரை விடாமல், ரகசியத்தைச் சொன்னால்தான் விடுவேன் என்று பேரம் பேசுகிறார் குவின். அதே கையால் செத்தும் போகிறார். 'அவர்களோடு பழகியவன்' என்ற பெருமை குவினுக்கு உண்டு. ஒருமுறைகூட அவர்களைச் சமமாக நினைத்ததில்லை. பார்க்கரின் வெறுப்பைவிட இது என்னை அதிகம் கலங்கடிக்கிறது.

மறுபக்கமும் அப்படித்தான். அவர்களுடைய நினைவில் நாம் யார்? பயிரைத் திருட வந்த குரங்குகள். குரங்குகளை ஒழிக்கவென்று ஒருகாலத்தில் உருவாக்கிய கிருமியைத்தான் இப்போது மனிதர்மீது ஏவுகிறார்கள். தொற்றிய உயரதிகாரி மாஸ்டர்ஸ் ரயிலேறி லண்டனுக்குப் போக, மாரிலபோன் ரயில்நிலையத்தில் ஆட்கள் நின்ற இடத்தில் சுருண்டு விழுகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு அந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்தபோது நடுவில் நிறுத்திவிட்டேன். நமக்கு அவர்கள் அஃறிணை, அவர்களுக்கு நாம் அஃறிணை. இருபக்கமும் இதைத் தாண்ட முயல்பவர்கள் இருவர்தான்: டாக்டரும் ஓக்டெலும். மனிதர்கள் வாழ முடியாத வெப்பப் பகுதிகளில் நீங்கள் வாழலாமே என்று டாக்டர் கேட்கிறார். ஓக்டெல் சம்மதிக்கிறார். மாற்று மருந்து கண்டுபிடிக்கக் கிருமியின் மாதிரியையே தூக்கி டாக்டர் கையில் கொடுத்து அனுப்புகிறார். அதற்காகவே மோர்காவின் நெற்றிக்கண்ணுக்கு இரையாகிறார்.

அறிவியலில் கதை நொண்டுவது உண்மை. சைலூரியன் காலம் என்பது சுமார் 44 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கி 42 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அப்போது ஊர்வனவே கிடையாது. நிலத்தில் செடிகளே அப்போதுதான் தலைகாட்டின. நிலா பூமியோடு சேர்ந்தே கிட்டத்தட்ட 450 கோடி ஆண்டுகளாக இருக்கிறது. 1972-இல் வந்த இன்னொரு கதையில், அந்தப் பெயர் தவறு, ஈயோசீன் என்று வைத்திருக்க வேண்டும் என்று டாக்டரை விட்டே ஹல்க் சொல்லவைத்தார். அதுவும் சரியாக வரவில்லை.

ஆனால் அந்தத் தவறான பெயருக்குப் பின்னாளில் ஒரு மரியாதை கிடைத்தது. 2018-இல் நாசாவின் காலநிலை விஞ்ஞானி கேவின் ஷ்மிட்டும் வானியற்பியலாளர் ஆடம் ஃபிராங்கும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு பூமியில் ஒரு தொழில்நாகரிகம் இருந்து அழிந்திருந்தால், இன்று பாறையைத் தோண்டி அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது கேள்வி. இருந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. கட்டடம், சாலை எதுவும் அவ்வளவு காலம் மிஞ்சாது. படிவப் பாறைகளில் கார்பனின் விகித மாற்றம், செயற்கைப் பொருள்களின் தடம் போன்றவற்றைத்தான் தேட வேண்டும் என்கிறார்கள். சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரெனச் சூடான காலத்தையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நாம் இன்று எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் பாறையில் என்ன கோடு போட்டுவிட்டுப் போகும் என்ற கேள்விக்கும் அதே வழிதான். கட்டுரைக்கு அவர்கள் வைத்த பெயர், 'சைலூரியன் கருதுகோள்'. ரப்பர் உடை போட்ட அந்த ஏழு வாரக் கதையிலிருந்து எடுத்த பெயர்.

மகளுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னது கதை மட்டும்தான். இரண்டாம் இரவே நான் 'து'வை விட்டுவிட்டேன். "நேத்து 'பார்த்துச்சு'ன்னியே?" என்று கேட்டாள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். முதியவர் என்று தெரிந்ததும் அவளே 'ஓக்டெல் தாத்தா' ஆக்கிக்கொண்டாள். மோர்காவை 'அவன்' என்றாள். க்டோவுக்கு மட்டும், விஞ்ஞானி என்பதால் 'அவங்க'.

கதையின் முடிவைச் சொல்லத் தயங்கினேன். தொலைக்காட்சியில் அது இப்படி: சைலூரியன்கள் மறுபடி தூங்கப் போய்விடுகிறார்கள். ஒவ்வொருவராக எழுப்பிப் பேசலாம், கற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையோடு டாக்டரும் லிஸ்ஸும் காரில் கிளம்புகிறார்கள். மூர் நிலத்தின் நடுவே வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும்போது தூரத்தில் வெடி வெடிக்கிறது. பிரிகேடியர் லெத்பிரிட்ஜ் ஸ்டூவர்ட், டாக்டரின் நண்பர், மேலிடத்து உத்தரவின்படி குகைகளைத் தகர்த்துவிட்டார். இது கொலை என்கிறார் டாக்டர். அறிவுள்ள ஓர் இனம் முழுவதையும் துடைத்தெறிந்துவிட்டாரே என்கிறார். அத்தோடு முடிந்தது. 1970-இல் சனிக்கிழமை மாலை, குழந்தைகள் பார்க்கும் தொடரில், நண்பன் கொலைகாரனாக நிற்பதோடு கதையை நிறுத்திய அந்தத் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன்.

தொலைக்காட்சியில் முதலில் பார்த்தபோது 'ஓர் இனம்' என்ற சொல் எனக்கு ஒரு சொல்லாகத்தான் இருந்தது. நாவலைப் படித்தபிறகு அப்படி இல்லை. அங்கே உறங்கிக்கொண்டிருந்தவர்கள் யார்? அந்தக் கடைசி மாலையில் ஓக்டெலின் கண்ணெதிரே இறங்கிப் போனவர்கள். காலையில் எழுந்துவிடலாம் என்று நம்பிப் படுத்தவர்கள். நான் அவர்களோடு அந்தப் பள்ளத்தாக்கில் நின்றிருக்கிறேன்.

சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குச் சீக்கிரம் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மின்சாரம் போய், பாயை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனோம். பௌர்ணமிக்கு முந்தின நாள். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நிலா பெரிதாக ஏறியிருந்தது. என் கையில் தலைவைத்துப் படுத்தவள் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஓக்டெல் தாத்தா இதைப் பாத்துட்டுதானே கீழ போனாரு?"

"ஆமா கண்ணு."

"கிட்ட வரவே இல்லைன்னு யாராச்சும் போய்ச் சொல்லியிருக்கலாம்ல."

மின்சாரம் வந்து தெருவிளக்கு எரிந்த பிறகும் அவள் கீழே வர மாட்டேன் என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தோம்.